தீவனமே போடாமல் விரால் வளருமா?

“அரை ஏக்கர் குளத்தில் கெண்டையும் சில்லறை மீன்களும் இருக்கின்றன. 2000 விரால் குஞ்சு விட்டால் போதும், தீவனம் வேண்டாம், ஒன்றைத் தின்று ஒன்று வளரும், அதுதான் இயற்கைச் சுழற்சி என்கிறார் தரகர். நம்பலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நம்பாதீர்கள். சுழல்வது உரச்சத்து மட்டும்தான். மீன் கழிவும் செத்த மீனும் மட்கி மறுபடி பாசிக்கு உரமாகும். ஆற்றல் அப்படித் திரும்பி வராது. வெயிலாக உள்ளே வந்து, ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து, வெப்பமாக வெளியே போய்விடும்.

குளத்தில் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கைப் பாசி பிடித்து வைத்தாலே பெரிது. ஒரு பருவத்தில் 1000 கிலோ பாசி விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேயும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளாகச் சுமார் 100 கிலோ தேறும். அவற்றைத் தின்னும் சின்ன மீன் 10 கிலோ. அந்த மீனைத் தின்னும் விரால் ஒரே ஒரு கிலோ. மீதியெல்லாம் மூச்சுவிடவும் நீந்தவும் செலவாகிவிட்டது, அல்லது தின்னப்படாமலே அடியில் படிந்துவிட்டது. ஒரு விரால் இன்னொரு விராலைத் தின்றாலும் இதே கதைதான். எண்ணிக்கை குறையும், மொத்த எடையும் குறையும்.

பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. 1942-இல் வெளியான அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமனின் ஆய்வில், அவர் அளந்த ஏரியிலேயே கீழ்ப்படியின் ஆற்றலில் பாசி மேய்ந்தவற்றுக்கு 13 சதவீதமும், அவற்றைத் தின்றவற்றுக்கு 22 சதவீதமும் வந்தன. இருந்தும் தலைமுறை தலைமுறையாகப் ‘பத்து சதவீத விதி’ என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். படித்து முடித்தவரிடம் ஒரு குளத்தைக் காட்டி, இதில் எத்தனை மீன் தாங்கும் என்று கேட்டால் விழிக்கிறார். தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார். என்றாவது ஒருநாள் குளத்தில் உள்ளதையெல்லாம் அள்ளி நிறுத்தால், பாசியைவிட அதைத் தின்னும் உயிர்களின் எடை அதிகமாக இருக்கலாம். பொய்யில்லை. “பாருங்கள், கொஞ்சம் பாசியே இத்தனை உயிரைத் தாங்குகிறது” என்பார். ஆனால் நுண்பாசி ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகும். விளைய விளையத் தின்னப்படுவதால்தான் கையிருப்பு குறைவாகத் தெரிகிறது. கிணற்றில் நிற்கும் தண்ணீரை அளந்துவிட்டு ஊற்றை மறந்தால் எப்படி? வருஷம் முழுக்க விளைந்த பாசியைக் கூட்டிப் பாருங்கள், அதுதான் எப்போதும் பெரிது. ஒவ்வொரு படியின் எடையையும் அடுக்கி வரையும் கோபுரம் தலைகீழாகலாம், ஆற்றலை அடுக்கி வரையும் கோபுரம் ஒருநாளும் ஆகாது.

அப்புறம், ‘பாசியைப் பெருக்கும் திரவம்’ என்று அடுத்த ஆள் வருவார். வாங்கும் முன் கையை நீட்டித் தண்ணீருக்குள் விடுங்கள். தண்ணீர் சேறாக இல்லாமல் பச்சையாக இருந்து, முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி ஏற்கெனவே போதும். அதற்கு மேல் உரம் போட்டால் ராத்திரியில் பாசியும் மூச்சுவிட்டு ஆக்சிஜனைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்தால் உரத்தை உடனே நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள்.

உங்கள் குளத்துக்கு முதலில் பாசியை நேராக மேயும் வெள்ளிக்கெண்டை மாதிரி மீன்கள். நடுவில் கைமாறும் படி குறைந்தால் தேறும் எடை கூடும். கெண்டைகள் விராலின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்தபின், ஒரே அளவுள்ள விரால் குஞ்சுகளைக் கொஞ்சமாக விடலாம். 2000 வேண்டுமென்றால் வெளியிலிருந்து தீவனம் வந்தே தீர வேண்டும். அதற்கு என்ன செலவாகும் என்று தரகரிடமே எழுதி வாங்குங்கள்.