கொலு பொம்மையின் முகத்தைப் பிறகு பாருங்கள், முதலில் அடியைப் பாருங்கள்

கேள்வி: இந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் முதன்முறையாகக் கொலு வைக்கப்போகிறோம். வேலூரிலிருந்து மகளோடு ரயிலில் சென்னைக்கு வந்து, அண்ணா சாலையில் பூம்புகார் நடத்தும் கொலு கண்காட்சியையும் மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மாலையே திரும்ப வேண்டும். கையில் 5,000 ரூபாய். மண் பொம்மை நல்லதா, காகிதக் கூழ் பொம்மையா? எப்போது வந்தால் விலை குறைவு? உடையாமல் எப்படிக் கொண்டுபோவது? மகள் கிரிக்கெட் செட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அதைக் கொலுவில் வைக்கலாமா?
– வேலூர் வாசகி ஒருவர்

பதில்: ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியோ, பெஞ்சோ, இரும்புப் படியோ, எதை வைத்துக் கொலுப்படி கட்டப்போகிறீர்களோ அதை இன்றே அடுக்கிப் பாருங்கள். படியின் அகலத்தையும், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே உள்ள உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு நாடாவையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் முகத்தழகில் மயங்கி இரண்டு அடி உயர மீனாட்சியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கீழ்ப்படியில் வைத்தால் அவள் பின்னால் இருக்கும் அத்தனை பேரையும் மறைப்பாள். மேற்படியில் வைத்தால் பீடம் பாதி வெளியே நிற்கும். படிகள் ஒற்றைப்படையாக இருப்பது வழக்கம். உங்களுக்கு 3 படி போதும். ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பது மரபு என்பதால் படிகள் தாமாகவே வளர்ந்துவிடும்.

எப்போது வருவது? மகாளய அமாவாசைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக, வேலைநாள் ஒன்றில் காலையிலேயே வாருங்கள். அமாவாசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாட வீதியில் பொம்மையைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். நவராத்திரி தொடங்கிய பிறகு விலை இறங்குவது உண்மை. மிஞ்சியதை ஊருக்குத் திருப்பி ஏற்றிச் செல்ல வியாபாரிகள் விரும்ப மாட்டார்கள். ஆனால் அப்போது கிடைப்பவை பிரிந்த செட்டுகளும், அவசரத்தில் வண்ணம் பூசிய பொம்மைகளும்தான். ஏற்கெனவே கொலு வைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டுக்காக ஒன்றிரண்டு வாங்கிவைக்க அது நல்ல நேரம். முதல் கொலுவுக்கு உதவாது.

வந்ததும் முதலில் பூம்புகாருக்குப் போங்கள். சென்ட்ரலிலிருந்து அண்ணா சாலைக்கு மெட்ரோ இருக்கிறது. பூம்புகார் என்பது 1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனைப் பெயர். விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், ரசீது கிடைக்கும், பேரம் கிடையாது. அங்கே எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல ஊர் வேலைப்பாடுகளை அருகருகே பார்த்து, எந்த உயரத்துக்கு, எந்த வேலைப்பாட்டுக்கு என்ன விலை என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மாட வீதியில் பேசும்போது அதுதான் உங்கள் அளவுகோல்.

இனி மண்ணா, கூழா என்ற கேள்வி. பொம்மையைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். முகத்துக்கு வண்ணம் பூசுகிறவர் அடியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பொம்மை எதனால் ஆனது என்பதை அடிதான் காட்டிக்கொடுக்கும். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட களிமண். இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி, ஒட்டி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டுப் பிறகு வண்ணம் பூசுவார்கள். உள்ளே கூடாக இருப்பதால் அடியிலோ முதுகிலோ ஓட்டை இருக்கும். சூட்டில் ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் சூளையிலேயே வெடித்துவிடும். சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்தால் காகிதக் கூழ். பளிச்சென்ற வெள்ளை மாவு விரலில் ஒட்டினால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண் என்று சொல்லி விற்றால் வைத்துவிட்டு நகருங்கள்.

மண் பொம்மையை இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கை விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். நன்றாக வெந்தது கணீர் என்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் மேலே எவ்வளவு வண்ணம் பூசியிருந்தாலும் ஓசை மழுங்கிப்போகும். சந்தையில் பானை வாங்கும் பாட்டிகள் செய்த சோதனைதான் இது. அடுத்தபடியாகக் கழுத்தையும், உடலை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் கைகளையும், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோட்டையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒட்டுப்போட்ட கை தெரியாது. வண்ணம் விரலில் பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை. அதைக் காகிதத்தில் சுற்றினால் செய்தித்தாளின் எழுத்து அம்மனின் கன்னத்தில் பதியும்.

மண் பொம்மை ஈரம் படாமல் வைத்தால் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ஆனால் கனம், கீழே விழுந்தால் முடிந்தது. காகிதக் கூழ் எடை குறைவு, லேசாக இடித்தாலும் தாங்கும். ஆனால் ஈரமும் எலியும் பூச்சியும் அதற்குப் பகை. ரயிலில் திரும்புகிற உங்களுக்கு என் யோசனை இது: அரை அடிக்கு உட்பட்டவற்றை மண்ணில் வாங்குங்கள், அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டுமானால் கூழில் வாங்குங்கள்.

5,000 ரூபாயைப் பத்து இடத்தில் சிதற விட வேண்டாம். பாதியை ஒரே ஒரு நல்ல செட்டுக்கு ஒதுக்குங்கள். தசாவதாரமோ அஷ்டலட்சுமியோ, முகங்கள் எல்லாம் ஒரே கை எழுதியவையாக இருக்க வேண்டும். கண்ணை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் நடுவில் வேறு கை எழுதியது தனியாகத் தெரியும். அடுத்து ஒரு மரப்பாச்சி ஜோடி. அந்தக் காலத்தில் செம்மரத்தில் கடைந்தார்கள். இன்று செம்மர வியாபாரத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், நடைபாதையில் ‘அசல் செம்மரம்’ என்று யாராவது விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகரலாம். வேறு மரமானாலும் விரிசல் இல்லாமல், நேராக நின்றால் போதும். பிறகு செட்டியாரும் செட்டியாரம்மாவும், அவர்கள் கடைக்கு அரிசி பருப்பு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மிச்சம் இருந்தால் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. உருண்டை அடி உள்ள வகையைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கையை எடுங்கள். தானாக எழுந்து நேரே நின்றால்தான் எடை சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

செட்டை எண்ணி வாங்குங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் எண்ணித்தான் வாங்கினேன், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நடைபாதைக் கடையில். பத்து பேரும் இருந்தார்கள். வீட்டில் வந்து வரிசையாக நிறுத்தினால் குடையோடு இரண்டு வாமனர், பரசுராமரைக் காணோம். அந்த ஆண்டு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே வாய் வலித்தது. ஆகவே எண்ணிக்கையோடு நிறுத்தாமல், மீனில் தொடங்கிக் கல்கி வரை பெயர் சொல்லிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ராமன் வில், பரசுராமர் கோடரி, கண்ணன் குழல் தனித்தனியாகச் செருகுபவையாக இருந்தால் அவற்றை ஒரு சிறு டப்பாவில் போட்டு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட வீதியில் பேரம் உண்டு. ஒற்றைப் பொம்மைக்குப் பத்து இருபது குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, ஒரே கடையில் மூன்று நான்கு எடுத்துவிட்டு மொத்தமாகக் கேளுங்கள். அப்போதுதான் கடைக்காரருக்கும் குறைக்க மனம் வரும். காஞ்சிபுரம், பண்ருட்டி போன்ற ஊர்களிலிருந்து வருகிற மண்ணும் உழைப்பும் அது. பாதி விலைக்குக் கேட்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொண்டுபோகும் வழி: வீட்டிலிருந்தே ஒரு பழைய பருத்திப் புடவையும், இரண்டு உறுதியான அட்டைப்பெட்டியும் எடுத்து வாருங்கள். நீட்டிய கை, மூக்கு, கிரீடம் ஆகியவற்றுக்கு முதலில் பஞ்சு, அதன்மேல் காகிதம், அதன்மேல் துணி. கனமானவை கீழே, ஒன்றோடொன்று உரசாமல் இருக்கட்டும். பெட்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தமே வரக்கூடாது. பொம்மையைத் தலையையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். எப்போதும் பீடத்தில் கை கொடுங்கள். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் சென்ட்ரல் அருகே வந்துவிடலாம் என்றாலும், பெட்டிகளோடு அந்தப் படிக்கட்டு வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். மாலை மழைக்கு முன், 3 மணிக்கெல்லாம் கிளம்புவது உத்தமம். ரயிலில் பெட்டியை மேலே ஏற்ற வேண்டாம், இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

இன்னொன்று. காரில் வருவதாக இருந்திருந்தால் உங்களைச் சென்னைக்கே அனுப்பியிருக்க மாட்டேன். பொம்மை செய்பவர்கள் வாழும் காஞ்சிபுரம் உங்களுக்கு அதைவிடப் பக்கம். செய்தவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்கலாம். அடுத்த ஆண்டு யோசியுங்கள்.

மகளின் கிரிக்கெட் செட்டைத் தாராளமாக வையுங்கள். மேலே உள்ள படிகள் தெய்வங்களுக்கு, கீழே மனிதர்களும் அவர்கள் வாழ்க்கையும் என்பதுதான் கொலுவின் அமைப்பு. கல்யாண ஊர்வலமும் காய்கறிக் கடையும் இடம்பெறும்போது கிரிக்கெட்டுக்கு என்ன தடை? தரையில் ஒரு தட்டில் மண் பரப்பி, ஒரு வாரம் முன்பே கடுகோ வெந்தயமோ தூவித் தண்ணீர் தெளித்தால் மைதானத்துக்குப் புல் தயார். அந்த வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள். கடையில் செட்டை எண்ணும் பொறுப்பும் அவளுடையதாகவே இருக்கட்டும்: ஆட்டக்காரர்கள், நடுவர், இரண்டு மட்டை, இரு பக்க ஸ்டம்புகள். பந்து தொலைந்தால் கவலை வேண்டாம், ஒரு மிளகைச் சிவப்பு மையில் தோய்த்து வைத்துக்கொள்ளலாம்.