பயிற்சிக்கு முன்னால் ஒரு காகிதம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறேன். சுமார் 400 பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் பழைய லேத்துகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு கணினிக் கட்டளைப்படி தானாக ஓடும் சி.என்.சி. இயந்திரங்கள் போடப்போகிறோம். ஸ்டோர், கொள்முதல், டெஸ்டிங் எல்லாமே ஒரே மென்பொருளுக்குள் வருகின்றன. ஆட்களை இதற்குத் தயார்செய்யும் பொறுப்பு என்னுடையது. ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்து இரண்டு நாள் பயிற்சி நடத்தினோம். மூத்தவர்கள் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ‘எனக்கு இன்னும் ஆறு வருஷம்தான் சார் சர்வீஸ், சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்குடுங்க’ என்றார் ஒருவர். வங்கிகளில் கணினி நுழைந்த காலத்தை உள்ளிருந்து பார்த்தவர் நீங்கள். இவர்களுடைய பயத்தை எப்படிப் போக்குவது? இளைஞர்களுக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் நீக்கிவிட்டேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மூத்தவருக்கு ஆர்வமில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. எனக்கு அது கேள்வியாகத்தான் கேட்கிறது. அந்த ஆறு வருஷ வேலை எனக்கு உண்டா, இல்லையா? இரண்டு நாளில் யாராவது அதற்குப் பதில் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். ஆலோசனை நிறுவனத்துக்கே பதில் தெரியாது. உங்கள் முதலாளிக்குத்தான் தெரியும்.

வங்கிகளில் கணினி வந்த கதையை இப்போது எல்லாரும் ‘யூனியன்காரர்கள் தடுத்தார்கள், அப்புறம் வழிக்கு வந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது வேறு. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியை உள்ளே விடாமல் கட்டடத்தைக் காவல் காத்தார்கள். அந்த நினைவு பசுமையாக இருந்த காலத்தில்தான் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசின. 1983, 1987, 1993 என்று மூன்று ஒப்பந்தங்கள். இடையில் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழுக்கள் 1984லும் 1989லும் அறிக்கை தந்தன. எந்த அளவுக்கு இயந்திரம், எந்த வேலைக்கு, அதில் உட்காருபவருக்கு என்ன அலவன்ஸ் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. முக்கியமாக, இயந்திரத்தைக் காரணம் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்பது முடிவானது. ஏ.எல்.பி.எம். என்று நாங்கள் சொன்ன, வாடிக்கையாளர் கணக்குகளைப் பதியும் அந்த லெட்ஜர் போஸ்டிங் இயந்திரம் கிளைக்கு வந்தபோது பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்தவர்களும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலை போகாது என்று தெரிந்த ஆளுக்குத்தான் தப்புத்தப்பாக டைப் அடித்துக் கற்றுக்கொள்ளும் துணிச்சல் வரும்.

இதற்கு விலையும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பேசிப் பேசியே பத்து வருஷம் போனது. 1993இல் ரிசர்வ் வங்கி புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவைத் திறந்தது. அவர்கள் முதல் நாளிலிருந்தே கணினியோடு வந்தார்கள். நாங்கள் அப்போதும் ஜூன், டிசம்பர் மாதங்களில் வட்டி போட இரவெல்லாம் கண்விழித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரிக்குள் வங்கி வணிகத்தில் 70 சதவிகிதத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார். கணினிமயத்தை ஊழல் ஒழிப்பு வேலையாகப் பார்த்தவர் அவர். உங்கள் கம்பெனிக்குப் பத்து வருஷம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேலை போகாது என்று காகிதத்தில் எழுதித்தர மூன்று மாதம் போதும்.

இளைஞர்கள் மட்டும் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. வங்கியில் லெட்ஜரில் இருக்கும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் கணினியில் ஏற்றும்போது, அவற்றின் கூட்டுத்தொகை கிளையின் மொத்தக் கணக்கான ஜெனரல் லெட்ஜரில் இருக்கும் தொகையோடு பொருந்த வேண்டும். வருஷக்கணக்காகப் பொருந்தாமல் கிடந்த கிளைகள் உண்டு. கணினி படித்துவிட்டு வந்த பையன்களுக்கு வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லத் தெரியும், எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. பழைய கிளார்க் ஒருவர் பேனாவை எடுத்து அந்தத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ 54ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் இந்தப் பக்கத்துக் கையெழுத்து யாருடையது, அவர் எந்த இலக்கத்தில் வழக்கமாகச் சறுக்குவார் என்றுகூட அவருக்குத் தெரியும். கணினி தெரியாதவர் என்று ஓரங்கட்டப்பட்ட அந்த மனிதர் இல்லாமல் கணினி ஓடத் தொடங்கியிருக்காது.

உங்கள் ஷாப் ஃப்ளோரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். ஃபவுண்டரியில் உலோகத்தை உருக்கி வார்த்து அனுப்பும் காஸ்டிங் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்த லாட் கடினமாக இருக்கும், எங்கே மணல் ஒட்டியிருக்கும், எந்த வேகத்தில் டூல் உடையும் என்பது லேத் ஓட்டும் பழைய டர்னருக்குக் காதில் விழும் சத்தத்திலேயே தெரியும். புரோகிராம் போடத் தெரிந்த பையனுக்கு அது தெரிய வருஷமாகும். இருவரையும் ஒரே இயந்திரத்தில் ஜோடியாகப் போடுங்கள். ஜூனியர், சீனியர் என்று தனித்தனி வகுப்பு வைத்தால் இரண்டு பக்கமும் பாதிதான் தெரிந்திருக்கும். பெரியவர் பையனிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்படுவார் என்பார்கள். கூச்சப்படுவார்தான். பையனும் அவரிடம் தினம் ஒன்று கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அது குறைந்துவிடும்.

விருப்ப ஓய்வுத் திட்டம் பற்றி உங்கள் நிர்வாகம் யோசிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. யோசிப்பார்கள். 2000-01இல் பொதுத்துறை வங்கிகள் அதைச் செய்தன. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். கையில் பணம் கொடுத்துப் போகலாம் என்றால், வெளியே இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் முதலில் கிளம்புவான். யாரை வைத்துக்கொள்ள நினைத்தார்களோ அவர்கள் போய், யார் போவார்கள் என்று எதிர்பார்த்தார்களோ அவர்கள் தங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்தில் தருவது எப்படி என்று நீங்கள் திகைக்க வேண்டியதில்லை. இயந்திர மாற்றத்தால் ஆட்குறைப்பு வரக்கூடும் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. கோவைத் தொழிற்சங்கத்துக்காரர்களுக்கு நீங்கள் ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அடுத்த சம்பள ஒப்பந்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். சி.என்.சி. வருவதையும், எந்தப் பிரிவில் எத்தனை பேர் எந்த வேலைக்கு மாற்றப்படுவார்கள் என்பதையும், அடிப்படைச் சம்பளம் குறையாது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் உங்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தொழிலாளிகளிடம் போய் ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது, வரவும் கூடாது.

பயிற்சி விஷயத்தில் நான் இருந்த வங்கி செய்த இரண்டு கோமாளித்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜருக்கு வேண்டியவர்களை, அதுவும் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தவர்களைக்கூட, வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கோ இயந்திரம் பல மாதம் கழித்துத்தான் கிளைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் மறந்துவிட்டது. ஆகவே இயந்திரம் இறங்கும் வாரத்தில் பயிற்சி தொடங்கட்டும். யாரை அனுப்புவது என்ற பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இன்னொன்று, உங்கள் டர்னர்களில், செய்து முடித்த உருப்படிக்கு ஏற்பப் பணம் வாங்கும் பீஸ் ரேட்டிலோ இன்சென்டிவிலோ இருப்பவர்கள் எத்தனை பேர்? வகுப்பில் உட்காரும் நாளுக்கு அவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. அன்று பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளில் எவ்வளவு போயிற்று என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு, முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்.