ரென் நகர மன்றக் கட்டடத்தின் நடுவே சிலை வைப்பதற்கான மாடம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

அங்கே நின்ற சிலைகள் இரண்டும் அரசியலுக்குப் பலியானதால்தான்.

பிரான்சின் ரென் நகரில் 1720 டிசம்பரில் மூண்ட தீ பல நாள் எரிந்து, 900க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. நெருக்கமான சந்துகளில் மரச்சட்ட வீடுகள், வேறென்ன நடக்கும்? பழைய மணிக்கூண்டும் தப்பவில்லை. மறுகட்டுமானத்தின்போது அரசுக் கட்டடக் கலைஞர் ழாக் கப்ரியேல் வடிவமைத்ததுதான் இந்த நகர மன்றம். 1743இல் பணி முடிந்தது. இருபுறமும் இரண்டு கட்டடங்கள், அவற்றை இணைக்கும் உள்வளைந்த முகப்பு, உச்சியில் புதிய மணிக்கூண்டு, அதன் கீழே மாடம்.

மாடத்தில் முதலில் நின்ற மன்னர் பதினைந்தாம் லூயியின் சிலை பிரெஞ்சுப் புரட்சியில் அழிந்தது. 1911இல் வைத்த சிற்பமோ வடமேற்குப் பிரான்சின் பிரிட்டனி பகுதியைப் பெண்ணாகச் சித்தரித்து, பிரான்சின் முன் மண்டியிட வைத்தது. பிரிட்டனியின் தலைநகரிலேயே இப்படியொரு துணிச்சல்! பிரிட்டனி பிரான்சுடன் இணைக்கப்பட்டதன் 400ஆம் ஆண்டான 1932இல், பிரெத்தோன் (பிரிட்டனி) தேசியவாதிகள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.