62,000 டாலர் எய்டாம்!

அன்புள்ள அண்ணா,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. நாங்க நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரர் எச்1பி வேலை விசா, ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அப்ரூவ் ஆகி வருஷக்கணக்கா லைன்ல நிக்கறோம், நான் எச்4 ஈஏடில (அவரோட சேர்ந்து வந்த விசா, வேலை பார்க்க அனுமதியோட) பார்ட் டைம் வேலை. பெரியவ இங்கயே பொறந்தவ, இந்த ஃபால்ல காலேஜ் போறா. எச்1பிக்கெல்லாம் ஃபாஃப்சா (காலேஜ் எய்டுக்குப் போடற ஃபெடரல் ஃபார்ம்) கிடையாதுன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னதைக் கேட்டு விட்டுட இருந்தோம், ஸ்கூல் கவுன்சிலர்தான் பிடிச்சு உக்கார வெச்சு போட வெச்சாங்க.

இப்ப ரெண்டு எய்ட் லெட்டர் கையில இருக்கு. பிரைவேட் காலேஜ்: வருஷச் செலவு 84,600. ஸ்காலர்ஷிப் 28,000, கிராண்ட் 6,000, ஃபெடரல் லோன் 5,500, வொர்க் ஸ்டடி 2,500, பேரன்ட் ப்ளஸ் 20,000, ஆக மொத்த எய்ட் 62,000, மீதி 22,600னு போட்டிருக்கு. ஸ்டேட் யூனிவர்சிட்டி: செலவு 38,200, ஸ்காலர்ஷிப் 4,500, லோன் 5,500, மீதி 28,200. பிரைவேட்தான் சீப், 62,000 குடுக்கறான், வேற என்ன வேணும்னு வீட்டுக்காரர் சொல்றார். பொண்ணு அந்த காலேஜ் ஹூடியே வாங்கிட்டா. பணம் பத்தலைன்னா சித்தப்பா (கிரீன் கார்டு) கோசைன் பண்றேன்னு சொல்றார். எங்களால மாசம் 1,500 போட முடியும், 529ல (காலேஜுக்குன்னு போடற சேமிப்பு) 31,000 இருக்கு. 2024ல எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து 168,000, போன நவம்பர்ல இவருக்கு லேஆஃப் ஆகி இப்ப வேற இடத்துல, சேர்த்து 128,000தான் வருது. தாம்பரத்துல ஒரு ஃப்ளாட், மாமனார் இவர் பேருக்கு எழுதி வெச்சது, அது இந்தியா சொத்துதானேன்னு ஃபார்ம்ல போடல. மே 1க்குள்ள சொல்லணும். எது சரி?

பெயர் வேண்டாம், எடிசன்.

*

வணக்கம்மா. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை ஹூடி மட்டும்தான் கண்ணுல பட்டுது, ரெண்டாவது தடவைதான் நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போன லேஆஃப் பட்டுது, அதுதான் இந்தக் கடிதத்துலயே பெரிய விஷயம், ஆனா அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ஒரு பேனா எடுத்து அந்த பிரைவேட் லெட்டர்ல, திருப்பிக் குடுக்க வேண்டாத பணத்தை மட்டும் வட்டம் போடுங்க. 28,000 ஒண்ணு, 6,000 ஒண்ணு, அவ்வளவுதான், 34,000. மத்ததெல்லாம் யார் பணம்? 5,500 உங்க பொண்ணு வாங்கற கடன். வொர்க் ஸ்டடி 2,500ங்கறது லைப்ரரிலயோ ஜிம் கவுன்டர்லயோ அவ நின்னு வேலை பார்த்தா சம்பளமா மாசாமாசம் வரப்போறது, ஆகஸ்ட் பில்லுல ஒரு பைசா கழியாது, வேலையும் அவளே தேடிக்கணும். பேரன்ட் ப்ளஸ் 20,000 உங்க தலையில ஏறற கடன். நம்ம ஊர்ல வட்டிக்கு விடறவர் கூட தன்னை "உதவி"ன்னு சொல்லிக்க கொஞ்சம் கூச்சப்படுவார், இங்க எல்லாத்தையும் ஒரே பத்தியில கூட்டி கீழ ஒரு கோடு போட்டு "மொத்த எய்ட்"னு எழுதிடறாங்க.

84,600ல 34,000 போனா 50,600. ஸ்டேட்ல 38,200ல 4,500 போனா 33,700. லெட்டர்படி பிரைவேட் 5,600 சீப், நிஜத்துல 16,900 கூட. ஒரு வருஷத்துக்கு. வீட்டுக்காரரைத் திட்டாதீங்க, அவர் கூட்டல் கழித்தல்ல தப்பு பண்ணல, லெட்டரை அப்படித்தான் அடிச்சிருக்காங்க. ஜிஏஓன்னு அமெரிக்க காங்கிரஸுக்காகக் கணக்குப் பார்க்கற ஆஃபீஸ், 2022 டிசம்பர்ல ஒரு ரிப்போர்ட் போட்டுது, 91% காலேஜுங்க இந்த நிஜ விலையை லெட்டர்ல போடறதே இல்ல, இல்லன்னா குறைச்சுக் காட்டுதுங்கன்னு. அதனால ஏமாந்தது உங்க வீடு மட்டும் இல்ல.

அந்த பேரன்ட் ப்ளஸ்ல இன்னொரு கூத்து இருக்கு. உங்க பொண்ணு சிட்டிசன், அதனால ஃபாஃப்சா அவளுக்கு உண்டு, அப்பா அம்மா எந்த விசாவுல இருந்தாலும் அவளோட தகுதி போகாது (உங்க ஃப்ரெண்ட் சொன்னது தப்பு, இந்தத் தப்பை நம்பி எத்தனை வீட்டுல ஃபார்மே போடாம விட்டிருக்காங்க தெரியுமா). ஆனா ப்ளஸ் லோன் வாங்கறது நீங்க, அதுக்கு வாங்கற அப்பாவோ அம்மாவோ சிட்டிசனாவோ கிரீன் கார்டாவோ இருக்கணும். எச்1பி, எச்4க்கு அது கிடைக்காது. அதாவது லெட்டர்ல அவங்க பெருமையா போட்டிருக்கற 62,000ல 20,000 உங்க வீட்டுக்கு இல்லவே இல்லாத பணம். ஒண்ணு வேணா கேட்டுப் பார்க்கலாம், பேரன்ட்டால ப்ளஸ் வாங்க முடியாதுன்னா, எய்ட் ஆஃபீஸ் சம்மதிச்சா, பொண்ணு பேர்ல முதல் வருஷம் இன்னொரு 4,000 வரைக்கும் அன்சப்சிடைஸ்டு லோன் (படிக்கறப்பவே வட்டி ஏறற கடன்) ஏத்தித் தருவாங்க. அதுவும் கடன்தான், மறக்கக் கூடாது.

கிரீன் கார்டு இருக்கற வாசகர்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ப்ளஸ்க்கு 2025-26ல வட்டி 8.94%, அதுக்கு மேல எடுத்த எடுப்புலயே 4.228% ஃபீஸ் பிடிச்சுக்கிட்டுதான் குடுப்பாங்க, 20,000னு கையெழுத்து போட்டா காலேஜுக்குப் போறது 19,154 சொச்சம். 2026 ஜூலை 1ல இருந்து புதுசா வாங்கறவங்களுக்கு வருஷத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தமா 65,000னு சட்டத்துலயே உச்சவரம்பு வெச்சுட்டாங்க. நாலு இருபது எவ்வளவு, எண்பது. மூணு வருஷம் இருபது இருபதா வாங்கிட்டு நாலாவது வருஷம் போய் நின்னா 5,000தான் பாக்கி இருக்கும். மூணு வருஷம் படிச்ச பிள்ளையை அந்த நேரத்துல எங்க கொண்டு போய் விடுவீங்க?

இதனாலதான் முதல் வருஷக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றது. ஃபீஸ் வருஷம் 4% ஏறுதுன்னு வெச்சுப்போம், 28,000 ஸ்காலர்ஷிப் 28,000லயேதான் நிக்கும், அது கூடவே ஏறி வராது. நாலாவது வருஷம் செலவு 95,000ஐ தாண்டிடும், உங்க பங்கு 61,000. நாலு வருஷமும் கூட்டினா 223,000 சொச்சம். அதோட அந்த ஸ்காலர்ஷிப்புக்கு ஜிபிஏ (மார்க் சராசரி, 4க்கு) எவ்வளவு வெச்சிருக்கணும்னு லெட்டரோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், பாருங்க. எங்க பையன் ரூம்மேட்டுக்கு 3.3 வேணும்னு கண்டிஷன், கெமிஸ்ட்ரி ஒரு பேப்பர் காலை வாரி விட்டதுல 3.2 ஆகி, இரண்டாம் வருஷம் ஸ்காலர்ஷிப் போச்சு. நல்லா படிக்கற பையன்தான்.

இப்ப லேஆஃப். 2026-27 ஃபாஃப்சா 2024 டாக்ஸைத்தான் பார்க்கும், அதாவது அந்த ரெண்டு காலேஜும் இன்னும் 168,000 சம்பாதிக்கற குடும்பத்துக்குத்தான் லெட்டர் எழுதியிருக்கு, அந்தக் குடும்பம் இப்ப இல்ல. வருமானம் இறங்கினா, பெரிய மெடிக்கல் செலவு வந்தா, எய்ட் ஆஃபீஸர் கணக்கை மாத்திப் போட சட்டத்துலயே இடம் இருக்கு, ப்ரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்னு சொல்வாங்க. கண்டிப்பா மாத்தணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கேக்காதவங்களுக்கு யாரும் தேடி வந்து பண்ண மாட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு கூச்சம், பேரம் பேசற மாதிரி இருக்குமேன்னு. ஏம்மா, டி நகர்ல பத்து ரூபாய்க்கு நாலு கடை ஏறி இறங்கறவங்க, இங்க 16,000 டாலருக்கு ஒரு மெயில் போடக் கூடாதா?

லேஆஃப் லெட்டர், புது வேலையோட ஆஃபர் லெட்டர், கடைசி ரெண்டு மூணு பே ஸ்டப், செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பறப்ப குடுக்கற பணம்) ஏதாவது வந்திருந்தா அந்த பேப்பர், இதெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிட்டு, ரெண்டு காலேஜுக்கும் தனித்தனியா எழுதுங்க. நீளமா சோகக்கதை வேண்டாம். 2024ல இவ்வளவு, இப்ப இவ்வளவு, காரணம் இது, ஆதாரம் இணைச்சிருக்கேன், மறுபரிசீலனைக்கு உங்க காலேஜ் ஃபார்ம் எது? அவ்வளவு போதும். பிரைவேட்டுக்கு மட்டும் ஸ்டேட் லெட்டரையும் சேர்த்து அனுப்பி, எங்களால முடியறது இவ்வளவு, பொண்ணு ஆசைப்படறது உங்க காலேஜுக்குத்தான்னு ஒரு வரி எழுதுங்க. மே 1க்குள்ள பதில் வராதுன்னு தோணினா டெபாசிட் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லியும் அதே மெயில்ல கேளுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி தாம்பரம் ஃப்ளாட்டைச் சரி பண்ணணும். நீங்க குடியிருக்கற வீட்டை ஃபாஃப்சா கேக்காது, 401கேவை (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) கேக்காது, ஆனா வேற எந்த சொத்தும், எந்த நாட்டுல இருந்தாலும், இன்வெஸ்ட்மென்ட்தான். மாமனார் பேர்லயே இருந்திருந்தா பேச்சே இல்ல, இப்ப உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கே. பெத்தவங்க சொத்துல அதிகபட்சம் 5.64%தான் நீங்க வருஷம் கட்ட முடியும்னு அவங்க போடற கணக்குல ஏறும், 60,000 டாலர் பெறுமானம்னு வெச்சா 3,400 கிட்ட வரும். வலிக்கும்தான். ஆனா அப்பீல் போட்டா ஃபைலை ஆதியோட அந்தமா திறந்து பார்ப்பாங்க, அப்ப அது வெளிய வர்றதை விட இப்ப நீங்களே கரெக்‌ஷன் போட்டுடறது மேல், அதுவும் கிரீன் கார்டு லைன்ல நிக்கறப்ப ஃபெடரல் ஃபார்ம்ல விட்டதை விட்டபடியே விடாதீங்க.

அடுத்தது உங்க கையில என்ன இருக்குன்னு பார்த்தேன். மாசம் 1,500னா வருஷம் 18,000. 529ஐ நாலாப் பிரிச்சா 7,750. பொண்ணோட லோன் 5,500. அப்புறம் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட்னு ஒண்ணு, வருஷம் 2,500 வரைக்கும், நாலு வருஷம் கிடைக்கும், ஜாயின்ட்டா ஃபைல் பண்றவங்களுக்கு வருமானம் 160,000க்குள்ள இருந்தா முழுசா. 168,000ல இருந்தப்ப முழுசா கிடைச்சிருக்காது, இப்ப கிடைக்கும் (லேஆஃப்ல நடந்த ஒரே நல்லது). கூட்டிப் பாருங்க, 33,750. ஸ்டேட் கேக்கறது 33,700. நான் இதைப் போட்டு முடிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. டாக்ஸ் கிரெடிட் மட்டும் அடுத்த வருஷம் ஃபைல் பண்றப்பதான் வரும், அதனால முதல் வருஷம் அந்த 2,500ஐ எங்கேயாவது புரட்டணும். அடுத்தடுத்த வருஷம் ஃபீஸ் ஏறும், பொண்ணோட லோன் லிமிட்டும் 6,500, 7,500னு ஏறும், நாலு வருஷத்துக்கு முழுசா எடுத்தா 27,000. அது ஒரு பட்டதாரி வேலைக்குப் போய்க் கட்டக்கூடிய கடன். அதுவும் ஸ்டேட் காலேஜ் எடிசன்ல இருந்து போய் வர்ற தூரம்னா ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவுல பெரும்பங்கு அப்படியே மிச்சம்.

பிரைவேட்ல அதே கணக்கைப் போட்டா 16,850 துண்டு விழுது, முதல் வருஷமே. அதை அடைக்கத்தான் சித்தப்பா கோசைன். வேண்டாம்மா. கோசைன்னா ஊர்ல ஜாமீன் கையெழுத்து போடறோமே அதேதான், பொண்ணு ஒரு மாசம் கட்டலைன்னா போன் சித்தப்பாவுக்குப் போகும், அவர் கிரெடிட் ஸ்கோர் விழும், அவர் வீடு வாங்கறப்ப இந்தக் கடனும் அவர் கணக்குல நிக்கும். நாலு வருஷத்துல அது 80,000, 90,000னு போய் நின்னதுக்கப்புறம் பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு எந்த முகத்தோட போவீங்க? அதனால பிரைவேட் அப்பீல்ல உங்க மனசுல இருக்க வேண்டிய நம்பர் அந்த 16,850தான். அவங்க திரும்பக் கட்ட வேண்டாத பணமா, நாலு வருஷத்துக்கும்னு எழுத்துல, 15,000 பக்கம் ஏத்தினா மறுபடியும் உக்காந்து பேசலாம். மூவாயிரம் நாலாயிரம் ஏத்தினா நன்றி சொல்லிட்டு ஸ்டேட்ல டெபாசிட் கட்டிடுங்க, நான் அப்படித்தான் பண்ணுவேன்.

இன்னொண்ணு, எங்க போனாலும் சரி, பில்லுல ஹெல்த் இன்ஷூரன்ஸ்னு ஒரு வரி வந்தா உடனே பாருங்க. வீட்டுக்காரர் ஆஃபீஸ் இன்ஷூரன்ஸ்ல பொண்ணு இருந்தா வெய்வர் (இது எங்களுக்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது) போடலாம், அதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். எங்க பையனுக்கு நான் அந்தத் தேதியை ஒன்பது நாள் தாண்டிட்டேன், ஒரு வருஷ ப்ரீமியத்தை முழுசா கட்டினேன், இன்னிக்கு வரைக்கும் வீட்டுல அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டிருக்காங்க.

சின்னவனோ சின்னவளோ இருந்தா ("பெரியவ"ன்னு எழுதியிருக்கீங்களே), ரெண்டு பேர் ஒரே நேரத்துல காலேஜ்ல இருந்தா ஃபாஃப்சால முன்ன கிடைச்ச சலுகை 2024-25ல இருந்து கிடையாது. 529 முழுசையும் பெரியவளுக்கே கொட்டிடாதீங்கன்னு சொல்ல வந்தேன், ஆனா மேல நானே நாலாப் பிரிச்சு முழுசையும் கொட்டிட்டேன். அடுத்த கடிதத்துல சின்னதுக்கு என்ன வயசுன்னு எழுதுங்க. ஃப்ளாட் கரெக்‌ஷன் இன்னிக்கு ராத்திரியே, அப்பீல் மெயில் ரெண்டும் திங்கட்கிழமை காலையில.