ஓட்டம் கேள்வி-பதில்: ஒரே பாதை, இரண்டு வேகம்

கேள்வி: அரை மாரத்தானுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. நடுவில் பத்து நாள் குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம். அப்பாவும் ஓடுவார், வயது 61, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், அவருக்கு 8. சேர்ந்து ஓடினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, இல்லாவிட்டால் என் பயிற்சி கெடுகிறது. என்ன வழி?

பதில்: பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள். தூரம் அவரவருக்கு, நேரம் மட்டும் பொது. இருவர் கைக்கடிகாரத்திலும் 24 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஒரே இடத்தில் கிளம்பி, ஒரே பாதையில், அவரவர் வேகத்தில் ஓடுங்கள். அலாரம் அடித்ததும் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். அப்போது அப்பா 3 கி.மீ. ஓடியிருப்பார், நீங்கள் 4. வேகம் மாறாவிட்டால் 48-ஆவது நிமிடத்தில் இருவரும் கிளம்பிய இடத்துக்கு ஒன்றாக வந்து சேர்வீர்கள். திரும்பும்போது அவர் உங்களுக்கு முன்னால் இருப்பார். வழியில் உட்கார்ந்துவிட்டால் உங்கள் கண்ணில் படாமல் போகாது.

கணக்கு எங்கே பிசகும்? கடைசி ஒரு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போதே அவரைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், போகும்போது அவர் வேகமாகப் போய்விட்டார் என்று பொருள். அங்கிருந்து அவரோடு நடந்தே வாருங்கள், அடுத்த நாள் அலாரத்தை 20 நிமிடமாகக் குறையுங்கள். இன்னொரு தொல்லை, பின்னால் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அப்பாக்களுக்கு வரும் வீராப்பு! முன்கூட்டியே பேசி வையுங்கள். கிளை பிரியாத பாதையாக, ஆற்றங்கரை, ஏரிக்கரை மாதிரிப் பாருங்கள். ஏற்றம் இருந்தால் அது போகும் வழியில் இருக்கட்டும். தங்கும் இடத்தின் முகவரிச் சீட்டு இருவர் பையிலும் தனித்தனியே இருக்க வேண்டும்.

உங்கள் வேகப் பயிற்சி நாளிலும் அவர் கூட வரலாம். கி.மீ.க்கு 5 நிமிட வேகத்தில் 3 நிமிடம் முன்னால் ஓடுங்கள்: 600 மீட்டர். அவர் அதற்குள் 375 மீட்டர் வந்திருப்பார். இளைப்பாற அவரை நோக்கி மெல்ல ஓடினால் ஒரு நிமிடத்துக்குள் எதிர்ப்படுவார். இன்னொரு நிமிடம் அவரோடு சேர்ந்து ஓடிவிட்டு அடுத்த சுற்று. ஆறு சுற்று போதும்.

மாத்திரை விஷயம்: பீட்டா பிளாக்கர் வகை என்றால் அது இதயத் துடிப்பையே அடக்கி வைக்கும். கடிகாரம் காட்டும் எண்ணையோ அதிகபட்சத் துடிப்பை அறிய 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கையோ நம்பக் கூடாது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா, அதுதான் அளவு. நேர மண்டலம் மாறும்போது மாத்திரையை எப்போது போடுவது என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கை வலி, தலைசுற்றல் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி உடனே அவசர உதவியை அழையுங்கள். "கொஞ்சம் நடந்தால் சரியாயிடும்" என்ற பேச்சே கூடாது.

கேள்வி: விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஓடலாமா?

பதில்: பகல் வெளிச்சத்தில் 20 நிமிடம், நிதானமாக ஓடலாம். நெடுநேரம் உட்கார்ந்து வந்த பாதம் வீங்கியிருக்கும். வழக்கம்போல் கயிற்றை இறுக்கினால் பாதத்தின் மேல்புறம் வலிக்கும், ஒரு துளை தளர்த்திக் கட்டுங்கள். இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் உள்ள ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் உடம்பு பழகச் சுமார் ஒரு நாள் ஆகும். அதனால் முதல் இரண்டு நாள் வேகப் பயிற்சி வேண்டாம். விட்டுப்போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடவும் வேண்டாம். நாலைந்து நாள் ஓய்வில் திறன் ஒன்றும் கரைந்துவிடாது.

கேள்வி: நடைபாதை இல்லாத சாலையில் எந்தப் பக்கம் ஓடுவது?

பதில்: எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டில் நீங்கள் இடப்பக்கம் ஓட வேண்டும், கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். களைத்த நேரத்தில் கழுத்து பழைய பழக்கத்துக்கே திரும்பும். கடக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஜோடி ஷூ, மழையில் நனைந்துவிட்டது. காலையில் ஓட வேண்டும்.

பதில்: உள்ளட்டையை உருவித் தனியே வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனிவரை திணியுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மாற்றுங்கள், படுக்கப்போகும் முன் இன்னொரு முறை. ஹேர் டிரையர் சூட்டில் காட்டினால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும்.