ஜெர்மன் மகளிர் கால்பந்து லீகான புன்டஸ்லிகாவில் உங்களால் மறக்க முடியாத சீசன் எது?

2022-23. ஏன் என்று கேட்டால் ஒரு ஸ்கோரைத்தான் சொல்வேன்: 11-1. அதற்கு வருவதற்குள் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 இலையுதிர்காலத்தில் மேற்படிப்புக்காகப் போட்ஸ்டாம் போய்ச் சேர்ந்தேன். பெர்லினுக்குப் பக்கத்து ஊர். எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவை இங்கே பாட்டி என்றே எழுதுகிறேன். நேரில் அப்படிக் கூப்பிட முடியாது. ‘ஃப்ராவ்’ என்று போட்டுக் குடும்பப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கும் நான் இன்றுவரை ‘நீங்கள்’தான். நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, “மத்தியானம் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? கால்பந்துக்குப் போகலாமா?” என்றார். கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு ஸ்கார்ஃப். கையில் உட்கார ஒரு சின்னத் திண்டு, ஓரம் பிய்ந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆண்கள் மேட்ச் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மைதானத்துக்குள் அணிகள் ஓடி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் முகம் மாறியதைப் பாட்டி பார்த்திருப்பார் போல. ஒன்றும் சொல்லவில்லை, ஆட்ட நிரல் புத்தகத்தை மட்டும் என் மடியில் வைத்தார்.

அந்த அணியின் பெயர் டுர்பீனே போட்ஸ்டாம். மின்நிலையத்தில் சுற்றுகிற அதே டர்பைன்தான். கிழக்கு ஜெர்மனியில் மின்துறை சார்ந்த விளையாட்டுச் சங்கங்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர். 1971-ல் தொடங்கிய பெண்கள் அணி. அந்தக் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் கதை வேறு. அங்கே 1955-ல் கால்பந்துச் சங்கம் பெண்கள் ஆடவே தடை போட்டது, 1970-ல்தான் நீக்கியது. கிழக்கில் தடை எதுவும் இல்லை; ஆனால் ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு என்பதால் அரசு திரும்பியும் பார்க்கவில்லை. கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் தேசிய அணி தன் வாழ்நாளில் ஆடியது ஒரே ஒரு மேட்ச்: 1990 மே 9, செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 தோல்வி. அது நடந்தது நாங்கள் உட்கார்ந்திருந்த இதே கார்ல் லீப்க்னெக்ட் ஸ்டேடியத்தில். சில மாதத்தில் நாடே இல்லாமல் போனது. பாட்டி அந்த மேட்சையும் பார்த்தவர். “குளிரவில்லை, அது நினைவிருக்கிறது” என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்த ஸ்டேடியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே விளக்குக் கம்பங்களைச் சாய்த்து வைக்கலாம். பக்கத்திலிருக்கும் பாபெல்ஸ்பெர்க் பூங்கா யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பது. அரண்மனைக் காட்சியைக் கம்பம் மறைக்கக் கூடாது என்று இந்த ஏற்பாடு. முதல் தடவை நான் பார்த்தபோது புயலில் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இந்தச் சின்ன மைதானத்து அணி 2004-லிருந்து 2012-க்குள் ஆறு தடவை ஜெர்மன் பட்டம் வென்றது. ஐரோப்பியக் கோப்பையை 2005-ல் ஒன்று, 2010-ல் ஒன்று என இரண்டு முறை. 2010 இறுதி ஆட்டம் பிரான்சின் லியோனுடன், 0-0 ஆகிப் பெனால்டிக்குப் போனது. போட்ஸ்டாம் கோலி அன்னா ஃபெலிசிடஸ் ஸார்ஹோல்ஸுக்கு அப்போது 17 வயது. பெனால்டிகளைத் தடுத்தது போதாதென்று தானும் ஒன்றை உதைத்து உள்ளே போட்டார். 7-6. ரசிகர்கள் அணியைச் செல்லமாக ‘தோர்பீனன்’ என்பார்கள். ‘தோர்’ என்றால் கோல், ‘பீனன்’ என்றால் தேனீக்கள். சேர்த்துச் சொன்னால் டுர்பீனே போலவே காதில் விழும். இதையெல்லாம் உருவாக்கியவர் பெர்ன்ட் ஷ்ரோடர். நடுவில் 1990-களில் சில வருட இடைவெளி தவிர, 1971-லிருந்து 2016 வரை அவர்தான் கோச். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்றுச் சில மாதம்தான். அணி அந்த சீசனை மூன்றாவது இடத்தில் முடித்தது. சரிவு அப்போது யார் கண்ணுக்கும் படவில்லை, எனக்கும்தான்.

இப்போது 2022-க்கு வருவோம். அதற்குள் நான் வேலை கிடைத்துக் கொலோனுக்குக் குடிபெயர்ந்திருந்தேன். மே 28-ஆம் தேதி ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம் கொலோனில், வோல்ஃப்ஸ்பர்க்கும் டுர்பீனேவும். பாட்டி ரயிலேறி வந்துவிட்டார், திண்டோடு. 0-4. ஆட்டம் முடிந்து டிராமில் திரும்பும்போது, “பரவாயில்லை, இறுதிக்கு வந்தோமே” என்றார். லீகிலும் நான்காவது இடம், ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்பு கடைசி நேரத்தில்தான் நழுவியது. மோசமான அணி இல்லை அது. ஆனால் அந்தக் கோடையிலேயே கோச் போனார், வீராங்கனைகள் கூட்டமாகப் போனார்கள்.

அதே கோடையில்தான் இங்கிலாந்தில் பெண்கள் யூரோ கோப்பை. லண்டன் வெம்பிளியில் ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஆடிய இறுதி ஆட்டத்தை ஜெர்மனியில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். ஜெர்மன் கேப்டன் அலெக்ஸாண்ட்ரா பாப் அதுவரை ஆடிய ஒவ்வொரு மேட்சிலும் கோல் போட்டவர், இறுதி ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போதே காயம்பட்டு வெளியே உட்கார்ந்தார். இங்கிலாந்து 2-1 வென்றது. தோற்றாலும் அந்த அலை லீகுக்குள் வந்து அடித்தது. செப்டம்பரில் ஃப்ராங்ஃபர்ட் - பேயர்ன் மியூனிக் தொடக்க ஆட்டத்துக்கு 23,200 பேர், லீக் வரலாற்றில் அதுவரை பார்க்காத கூட்டம். கோல் ஒன்றும் விழவில்லை, அது வேறு விஷயம். சீசன் முழுவதும் எடுத்துக்கொண்டால் ஒரு மேட்சுக்குச் சராசரியாக 2,700 பேருக்குக் குறையவில்லை, முந்தைய சீசனைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

அந்த 23,200 சாதனையும் நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 23, கொலோன் - ஃப்ராங்ஃபர்ட். கொலோன் பெண்கள் வழக்கமாக ஆடும் சின்ன மைதானத்தை விட்டு, அன்று ஆண்கள் அணியின் பெரிய ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். 38,365 பேர். அதில் நானும் ஒருவன். எனக்கு நினைவில் நிற்பது ஆட்டத்தைவிட இடைவேளைதான். ஆண்கள் கூட்டத்தை மனதில் வைத்துக் கட்டிய ஸ்டேடியம் என்பதால் பெண்கள் கழிப்பறை வரிசை படிக்கட்டு வரை நீண்டு, பீர் வரிசையோடு கலந்து, எது எதற்கான வரிசை என்றே தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுமி தன் அட்டைப் பலகையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பினாள். கொலோன் 0-2 தோற்றது. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. பாட்டிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “அழகு” என்று ஒரே வார்த்தை பதில் வந்தது. அந்த நேரத்தில் டுர்பீனே கடைசி இடத்தில், மேலே ஏற வழியில்லாமல் கிடந்தது.

ஏன் விழுந்தது என்பதற்கு இங்கே பலர் ஒரே பதிலைச் சொல்வார்கள்: பெரிய ஆண்கள் கிளப்புகளின் பணம். அதில் உண்மை இருக்கிறது. வோல்ஃப்ஸ்பர்க்குக்குப் பின்னால் ஃபோக்ஸ்வாகன். பேயர்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழு முறை ஜெர்மன் பட்டம், நான்கு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற 1. எஃப்எஃப்சி ஃப்ராங்ஃபர்ட் என்ற தனிப் பெண்கள் கிளப்பே 2020-ல் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்ஃபர்ட்டோடு கலந்து பெயரை இழந்தது. 2022-23-ல் ஆடிய 12 அணிகளில், தொழில்முறை ஆண்கள் அணி ஒன்றின் துணை இல்லாமல் நின்றவை டுர்பீனேவும் எஸ்ஸனும்தான். ஆனால் எஸ்ஸன் அந்த சீசனில் தப்பித்ததே? அந்தக் கேள்விக்குப் ‘பணம்’ என்ற பதில் போதாது. நிர்வாகத்துக்குள் சண்டை, தலைவர் மாற்றம், ஒரே சீசனில் கோச்சுக்கு மேல் கோச். கூடு கலைந்த அணிக்குள் புது வீராங்கனைகளைக் கொண்டுவந்து போட்டால் யார் எங்கே நிற்பாள் என்றே யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் பார்த்தபோதே அது தெரிந்தது: பந்து போன பிறகுதான் ஆள் திரும்புவாள். சீசன் முடிந்தபோது 22 ஆட்டங்களில் பத்துப் புள்ளிகூடத் தேறவில்லை, அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பாட்டியிடம் பணத்தைப் பற்றிப் பேசினால், “ஷ்ரோடர் காலத்தில் மட்டும் பணமா இருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். அவர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை, அப்போது எதிராளிக்கும் பணம் இல்லை. நான் அதைச் சொல்லி வாதாடுவதில்லை.

பட்டப் போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் வோல்ஃப்ஸ்பர்க் தன் ஊரில் பேயர்னை 2-1 வென்றது. மார்ச்சில் மியூனிக்கில் பேயர்ன் 1-0 பழிதீர்த்தது; கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை ஜார்ஜியா ஸ்டான்வே போட்டார். அதிக கோல் அடித்தவர் பாப், 16. கடைசிச் சுற்றுக்கு வரும்போது பேயர்ன் இரண்டு புள்ளி முன்னால். எதிரே டுர்பீனே.

2023 மே 28. கோப்பை இறுதி ஆட்டம் நடந்து சரியாக ஒரு வருடம். பெந்தெகொஸ்தே ஞாயிறு, மறுநாள் விடுமுறை, நான் போட்ஸ்டாம் போயிருந்தேன். சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, மகென்டா ஸ்போர்ட் சேனலில் மேட்சை வைத்தேன். பாட்டி அஸ்பாரகஸ் தோல் சீவிக்கொண்டிருந்தார், மே மாதத்தில் அங்கே வீட்டுக்கு வீடு அதுதான். முதல் கோலுக்கு நிமிர்ந்தார். மூன்றாவது கோலுக்குப் பிறகு நிமிரவில்லை, “எத்தனை?” என்று மட்டும் கேட்பார். ஒரு கட்டத்தில் நானே சொல்வதை நிறுத்திவிட்டேன், சத்தத்திலிருந்தே எண்ணிக்கொண்டார். நடுவில் டுர்பீனே ஒரு கோல் போட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து, இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

விசில் ஊதியதும் மியூனிக்கில் கொண்டாட்டம், பேயர்னுக்கு ஐந்தாவது பட்டம். நான் அணைக்கப் போனேன். “இருக்கட்டும்” என்றார். கோப்பையைத் தூக்கும்வரை பார்த்தோம். திரையின் ஓரத்தில் டுர்பீனே பெண்கள் வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேட்பீர்கள் என்பதால்: டுர்பீனே 2024-ல் மேலே வந்தது, 2025-ல் திரும்ப இறங்கியது. கூட்டச் சாதனையோ மறுபடி உடைந்தது. 2025 செப்டம்பரில் பேயர்ன் - லெவர்குசன் மேட்சுக்கு மியூனிக்கின் அலையன்ஸ் அரீனாவில் 57,762 பேர். 2025-26-லிருந்து லீகில் 14 அணிகள், புதிதாக ஏறியவற்றில் யூனியன் பெர்லினும் ஒன்று. போட்ஸ்டாமிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவர்கள் ஸ்டேடியம். போன தடவை போனில் பேசும்போது, முதல் பிரிவு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் அங்கே கூட்டிப்போகிறேன், டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன்.

“அது பெர்லின்” என்றார் பாட்டி.