பதில்: அப்பாவின் ஸ்கேனில் புதுப் புள்ளிகள்

மன்னார்குடிப் பக்கம் வயல் வேலை பார்க்கும் அப்பா, குடல் புற்று ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், இப்போது பெட் ஸ்கேனில் (புற்று போன்றவை ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) கல்லீரலில் புள்ளிகள், ‘திரும்ப வந்துவிட்டது போல’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பியிருக்கலாம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் சர்க்கரை, ராத்திரிக் குளிர்காய்ச்சல், சம்பா நடவுக்குச் சேற்றில் இறங்கியது என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த மூன்றும்தான் எனக்கு உறுத்துகிறது.

சீழ்க்கட்டியும் காசநோயும்கூட பெட் ஸ்கேனில் புற்று மாதிரியே ஒளிரும். வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் மெலியாய்டோசிஸ் என்றொரு நோய் வரும். சர்க்கரை உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும்.

பயாப்சிக்கு, அதாவது சோதனைக்காக, ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும்போது எல்லாத் துணுக்கையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் ரசாயனம்) போட விடாதீர்கள். அதில் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்ன வளரும்? ஒரு துணுக்கை ஸ்டெரைல் சலைனில் (கிருமியில்லாத உப்புநீர்) தனியாக அனுப்பச் சொல்லுங்கள். என் பெரியப்பாவுக்கு இதைக் கோட்டைவிட்டு, மறுபடி ஊசி குத்தினார்கள். ரத்தக் கல்ச்சரும் கேளுங்கள். லேப் சீட்டில் ‘மெலியாய்டோசிஸ் சந்தேகம்’ என்று எழுதவைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று ஒதுக்கிவிடவும் கூடும்.

மெலியாய்டோசிஸ்தான் என்றால் மருந்து இருக்கிறது: செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 2 வாரம் (கல்லீரலில் சீழ்க்கட்டி என்றால் இன்னும் நீளும்), பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது. காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

பயாப்சி முடிவு வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். அப்பா காலில் ஆறாத வெடிப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள், சேற்றுக் கிருமி அது வழியாக நுழைந்திருக்கலாம்.